எறங்குமா, ஏறுமா

இன்ஜின் நின்றதும் முதலில் காதில் விழுந்தது ஒரு கொக்கின் சிறகுச் சத்தம். அதுவரை டீசல் இரைச்சலுக்குள் அது எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. ஜீப்பைச் சுற்றிலும் தண்ணீர். தண்ணீருக்கு மேலே சம்பாப் பயிரின் பச்சை நுனிகள் மட்டும், யாரோ சீப்பால் வாரிவிட்டது போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஈரமான பானெட்டின் மேல் வானம் மேகங்களோடு வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு மேகம் மெதுவாக நகர்ந்து வைப்பருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் சொக்கிப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, செருப்பு போவுது பாருங்க" என்றாள் என் மனைவி.

குனிந்து பார்த்தேன். என் வலது செருப்பு பிரேக் பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கியர் லீவர் பக்கமாக நிதானமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அது மிதக்கிறது என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். உள்ளே இருக்கிறது என்றால் வெளியே அதைவிட ஜாஸ்தி இருக்கிறது. இந்த இரண்டு வரிக் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வந்ததும் சும்மா வரவில்லை, கூட்டத்தோடு வந்தது. கை தானாகச் சாவிக்குப் போனது.

பின் சீட்டிலிருந்து மச்சான் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா.

"மாமா! கடையில என்னா சொல்லுவீங்க?"

அவன் கேட்டது நியாயம். சிதம்பரத்தில் நான் வைத்திருப்பது ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மழைக்காலம் வந்தால் தண்ணீரில் நின்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி என் கவுண்டருக்கு முன்னால் நிற்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உபதேசம் செய்வேன். "தண்ணியில வண்டி நின்னா மீசையத் தடவுங்க, சாமியக் கும்புடுங்க, சாவிய மட்டும் தொடாதீங்க. காத்த அமுக்குனா அமுங்கும், தண்ணி அமுங்காது. இன்ஜினுக்குள்ள தண்ணி பூந்திருந்தா பிஸ்டன் மேல வந்து முட்டும், தண்ணி விட்டுக்குடுக்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஒரே ஒரு செல்ஃப் போதும், இன்ஜின் காலி." இதைக் கேட்டு எத்தனையோ பேர் தலையாட்டியிருக்கிறார்கள். நானும் சொல்லச் சொல்ல எனக்கே மரியாதையாக இருக்கும்.

"கடையில கால் ஈரமா இருக்காது மச்சான்" என்றேன். சாவியிலிருந்து கையை எடுத்து, வேறு எங்கும் போகாமலிருக்க அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது என் தங்கையின் குழந்தைக்குக் காது குத்த. கல்யாணமாகிப் பல வருஷம், ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்றான பிறகு பிறந்த பெண். இன்னும் நடக்கவில்லை, எதையாவது பிடித்துக்கொண்டு நின்று ஆடுவாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மடி என்னுடையது. என் வாழ்க்கையில் என்னிடம் இருக்கும் எதையும் யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. ஒரு மாதமாகவே சட்டைப்பையில் பணம் வைத்திருப்பவன்போல மடியை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் புவனகிரிக்கு அப்பால், கடலைப் பார்த்த பக்கம். ரோட்டில் போயிருந்தால் இந்த நேரம் பந்தலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் ஜீப் வைத்திருப்பவனுக்கு ரோடு ஒரு அவமானம். வயல் நடுவே ஒரு மண்பாதை இருக்கிறது, பாதி தூரம்தான் என்று இறக்கினேன். வாய்க்கால் உடைந்து ஒரு பள்ளத்தில் தண்ணீர் பாதையை மூடியிருந்தது. கரையில் ஒருவர் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். நீளக் கழி, தலையில் துண்டு, சுற்றிலும் பழுப்புப் பழுப்பாக வாத்துகள்.

ஜன்னலை இறக்கிக் கேட்டேன். "அண்ணே, வண்டி எறங்குமா?"

அவர் அவசரப்படவில்லை. தண்ணீரைப் பார்த்தார். என் டயரைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"எறங்கும்."

"நல்லா எறங்குமா?"

"நல்லாவே எறங்கும்."

இறங்கியது. பள்ளத்தின் நடுவில் முன்சக்கரம் சேற்றில் புதைந்து மூக்கு குத்தியது. அங்கேதான் கொக்கு, வானம், செருப்பு எல்லாம்.

இப்போது அதே மனிதர் கரையோரமாக வந்து கழியை ஊன்றி நின்றார். வாத்துகள் ஜீப்பைச் சுற்றி வந்து, இது என்ன புது மாடு என்பதுபோல் பார்த்தன.

"என்னாண்ணே, எறங்கும்னு சொன்னீங்களே!" என்றேன்.

"எறங்கிடுச்சில்ல?"

"அண்ணே, நான் கேட்டது..."

"எறங்குமான்னுதான கேட்டீங்க? சேறு கெடக்குது, எறங்கும்னு சொன்னேன். ஏறுமான்னு கேட்டிருந்தா அதுக்கு வேற பதில் சொல்லியிருப்பேன்."

மச்சான் பின்னாலிருந்து, "மாமா, சாட்சி ரொம்ப ஸ்ட்ராங்கு. உங்க கேஸு நிக்காது" என்றான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாப்பிள்ளை, தங்கையின் வீட்டுக்காரர்.

"மச்சான், எங்க வந்துகிட்டிருக்கீங்க?"

"புவனகிரி தாண்டியாச்சு மாப்ள. தோ, வந்துட்டே இருக்கோம்."

ஒரு வாத்து ஜன்னலுக்குக் கீழே வந்து வாய் விட்டுக் கத்தியது.

"என்னா அது, வாத்து கத்துது?"

"ஹாரன் மாப்ள. புதுசா மாத்தியிருக்கேன்."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இல்ல மச்சான், பூசாரி நல்ல நேரம் முடியறதுக்குள்ள குத்திடணும்ங்கறாரு. லேட்டாவும்னா சொல்லுங்க, பைக்ல ஆளு அனுப்பறேன். இல்லாட்டி உங்க சித்தப்பா பையன் இங்கதான் இருக்காரு. அவரும் அண்ணன் மொறதான, அவரு மடியில உக்கார வெச்சிடலாம்னு எங்க வூட்டுல சொல்றாங்க."

சித்தப்பா பையன்! அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோது எட்டிப் பார்க்காதவன். அவனுக்கு மடி இருப்பதே இன்றுதான் ஞாபகம் வந்திருக்கும்.

"ஆளெல்லாம் வேணாம் மாப்ள. வந்துட்டேன்னு வெச்சிக்கங்க" என்று சொல்லி வைத்தேன்.

"ஆளு வரட்டும்னு சொன்னா என்னாங்க?" என்றாள் மனைவி.

என்ன என்றா? பார்ட்ஸ் கடைக்காரன் தண்ணீரில் வண்டியை விட்டான் என்று பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். என் கருமாதி வரை பேசுவார்கள். கருமாதியிலும் பேசுவார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. "நல்லா இருக்குது உங்க வீறாப்பு" என்று கையிலிருந்த சீர்த்தட்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களை வாத்துக்காரர்தான் கூப்பிட்டார். முட்டி வரை சேலையைச் செருகிக்கொண்டு சிரித்தபடியே வந்தார்கள். நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு, மச்சானையும் இறக்கி, முன்னாலிருந்து பின்பக்கமாகத் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கட்டளைகள் போட்டேன்.

"அண்ணே, நீங்க சும்மா நேரா புடிங்க. அழுவாம புடிங்க" என்றாள் ஒருத்தி.

"அவுரு அழுவல, மூஞ்சே அப்பிடித்தான்" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

சேறு ஒரு பெரிய முத்தம் கொடுப்பது போலச் சத்தம் போட்டுச் சக்கரத்தை விட்டது. ஜீப் பின்னாலேயே ஊர்ந்து கரையேறியது. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் மரியாதையாக இறங்கிப் போனது, என் செருப்பையும் கூட்டிக்கொண்டு. ஒரு வாத்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது.

இனிதான் விஷயம். இன்ஜின் குடித்ததா, குடிக்கவில்லையா?

பானெட்டைத் தூக்கினேன். ஆவி மெல்ல எழுந்தது, மார்கழிக் காலையில் குளத்தில் எழுவது போல. பேட்டரியின் மேல் ஒரு வயல் நண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பயமே இல்லை. ஒரு கொடுக்கை உயர்த்தி என்னைப் பார்த்த பார்வையில், இந்த வண்டியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்கிற மாதிரி இருந்தது. மச்சான் குச்சியால் அதைத் தள்ளிவிட்டான்.

இன்ஜின் மூச்சு விடுவது ஏர் ஃபில்டர் வழியாக. தண்ணீர் உள்ளே போவதும் அந்த வாசல் வழியாகத்தான். அந்த டப்பாவின் கிளிப்பைக் கழற்ற எனக்கு விரல் வரவில்லை. என் கடையில் அதே கிளிப் ஒரு ஜாடி நிறையக் கிடக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். இன்று கண்ணைத் திறந்து வைத்தும் முடியவில்லை. மச்சான்தான் தட்டித் திறந்தான். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர், அதில் ஒரு வேப்பிலை.

"போச்சு" என்றேன்.

"இருங்க மாமா. ஃபில்டர எடுங்க."

காகித ஃபில்டரை எடுத்தேன். அடி ஓரம் கறுத்திருந்தது. மீதி ஈரமா, காய்ந்ததா? தொட்டுப் பார்த்தேன், ஈரம். மச்சான் தொட்டான், ஈரம். எங்கள் கைகள் சொட்டிக்கொண்டிருந்தன, எதைத் தொட்டாலும் ஈரம்தான். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், கன்னத்தில் வியர்வை. கடைசியில் மனைவி தட்டை வாத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை ஃபில்டரின் மேல் வைத்தாள். மேலே, நடுவே, உள்பக்கம்.

"காஞ்சிதான் இருக்குது" என்றாள்.

ஒரு நிமிஷம் உலகமே காய்ந்த மாதிரி இருந்தது. அடுத்தது ஆயில். அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். ஆயிலோடு தண்ணீர் கலந்தால் பால் காபி நிறத்துக்கு வந்துவிடும். எனக்குப் பால் காபியேதான் தெரிந்தது.

"பாரு மச்சான், காபி! நுரையோட காபி!"

"உங்க கையிலேருந்து தண்ணி வழியுது மாமா, கம்பி மேல. தொடைச்சிட்டுப் பாருங்க."

துடைக்கத் துணி இல்லை. தோளில் கிடந்தது புது அங்கவஸ்திரம், காதுகுத்துக்கென்று வாங்கியது. மனைவி "அதுல வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் துடைத்துவிட்டேன். மறுபடி விட்டு எடுத்தேன். கறுப்பு. சுத்தமான, அழகான, பழைய ஆயிலின் கறுப்பு. அளவும் ஏறவில்லை. கம்பியைத் தடவித் தடவிப் பார்த்ததில் என் பத்து விரலும் கறுப்பாயின.

"அப்ப வண்டி ஏன் நின்னுச்சு?" என்றான் மச்சான்.

அதுதான் கேள்வி. கடையில் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: தானா நின்னுச்சா, நீங்க நிறுத்துனீங்களா? தானாக நின்றிருந்தால், குடித்துவிட்டு மயங்கியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் பிழைக்க வழி உண்டு. என்னிடமே அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"தானாத்தான் நின்னுச்சு" என்றேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தூங்கப்போகிற குழந்தையின் பேச்சு மாதிரி, சத்தம் குறைந்து, குறைந்து, அப்புறம் கொக்கின் சிறகு.

"என்னாத்த தானா?" என்றாள் மனைவி. "தண்ணி பானெட்டு மேல வந்தப்ப 'ஐயோ முருகா'ன்னுட்டு நீங்கதான் சாவிய ஆஃப் பண்ணீங்க. நான் பார்த்தேன்."

"நானா?"

"பின்ன, முருகனா?"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. என் கை எனக்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று நம்பவும் முடியவில்லை. மச்சானைப் பார்த்தேன். "நான் கண்ண மூடிக்கிட்டிருந்தேன் மாமா" என்றான் கோர்ட் குமாஸ்தா.

ஒரே சாட்சி, அதுவும் கட்டியவள். ஆனாலும் அவள் சொல்வதை நம்பலாம் என்று பட்டது. இத்தனை வருஷத்தில் நான் பதறியதை அவள் ஒருமுறைகூடப் பார்க்கத் தவறியதில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று சாவியைத் தொடாமல் ஒரு சோதனை. டாப் கியரில் போட்டு, மெதுவாகத் தள்ளச் சொன்னேன். உள்ளே தண்ணீர் இருந்தால் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இல்லையென்றால் இன்ஜின் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெண்கள் மறுபடி வந்தார்கள். "என்னாடி இது, முன்னால ஒரு வாட்டி, பின்னால ஒரு வாட்டி, தொட்டில் ஆட்டற மாதிரி" என்றாள் அழுவாமல் பிடிக்கச் சொன்னவள். தள்ளினார்கள். நான் கதவில் காதை வைத்திருந்தேன். புஸ்... என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொரு புஸ். எங்கேயும் முட்டவில்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் விடுகிற மூச்சு அது. சைலன்சர் மட்டும் கொஞ்சம் தண்ணீரைத் துப்பியது.

சாவியைத் திருப்பினேன். டிக்.

அவ்வளவுதான். ஒரே ஒரு டிக். நான் அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டேன். அதே நேரம் போன். மறுபடி மாப்பிள்ளை. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, நாங்க தண்ணியில மாட்டிக்கிட்டோம். உங்க மச்சான் வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல. அது ஹாரன் இல்ல, வாத்துதான்."

அந்தப் பக்கமும் ஸ்பீக்கர்தான் போலிருக்கிறது. அப்புறம் பந்தலே சிரித்தது. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு தொண்டையும் அதில் தனித்தனியாகக் கேட்டது, சித்தப்பா பையனுடையது கொஞ்சம் தூக்கலாக. நான் பயந்தது நடந்துவிட்டது. நடந்த பிறகு, ஆச்சரியம், இலேசாக இருந்தது. சிரிப்புக்கு நடுவே தங்கை போனை வாங்கினாள்.

"எண்ணே, நீ வர்ற வரைக்கும் கொழந்தைய யாரு மடிக்கும் குடுக்கமாட்டேன். பூசாரி மொறைக்கிறாரு, மாமியா மொறைக்கிறாங்க. நான் இடுப்புலயே வெச்சிருக்கேன். கை வலிக்குதுண்ணே. சீக்கிரம் வா."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் கடைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். டிக் என்றால் என்ன? முட்டிக்கொண்டால் டொக் என்று கேட்கும். இது டிக். கரண்ட் வருகிறது, போதுமான அளவு வரவில்லை. இறங்கி ஓடிப்போய் பேட்டரி டெர்மினலைத் தொட்டேன். நண்டு உட்கார்ந்திருந்த பக்கத்து டெர்மினல் என் விரலுக்கே ஆடியது. அங்கவஸ்திரத்தின் மீதியையும் பலி கொடுத்து அதைத் துடைத்து, திருகி, அடித்து உட்கார வைத்தேன்.

"இப்பப் போடு" என்று மனைவியிடம் சொன்னேன். எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

அவள் சாவியைத் திருப்பினாள். ஜீப் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை. அப்புறம் வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு உயிர் பிடித்தது. வாத்துகள் சிதறின. "ஆவிதான், ஆவிதான்" என்று நான் யாரும் கேட்காமலே கத்தினேன்.

வாத்துக்காரர் சீர்த்தட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாழைப்பழம் குறைந்திருந்தது. "ரோட்டோட போங்க" என்றார்.

ரோட்டோடுதான் போனேன். நனைந்த பிரேக் பிடிக்கவில்லை, பெடலைப் பாதி அழுத்தியபடியே சூடேற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேகமாகப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. மரங்கள் மெல்ல வந்து மெல்ல விலகின. கதவுகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, எங்களுக்குப் பின்னால் ரோட்டில் ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொண்டே வந்தது. எனக்குத் தங்கையின் கை வலிப்பது என் தோளில் தெரிந்தது.

பந்தலில் சித்தப்பா பையன் பாயில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு துண்டைக்கூட விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாண்ணே, எடத்த சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்றான். அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. தங்கை இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கி, என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையை உதறிக்கொண்டாள்.

ஆசாரி ஊசியோடு குனிந்தவர் என் வேட்டியைப் பார்த்தார். "என்னாங்க இது, இன்னும் குத்தவே இல்ல, அதுக்குள்ள நனைச்சிடுச்சா?"

"ஆமாங்க, பயந்துடுச்சு" என்றேன். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுத்துச் சொல்ல அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

முதல் காது. அவள் வீறிட்ட வீறலில் நான் அவளை இறுக்கிப் பிடித்தேன், என்னைப் பிடித்துக்கொள்ள அங்கே வேறு யாரும் இல்லாததால். என் விரல்களின் ஆயில் கறுப்பு அவள் கன்னத்தில் அப்பியது. தங்கை முந்தானையால் துடைக்க வந்தாள். துடைத்ததில் அது தாடை வரை பரவியது. "விடுங்கண்ணி, கண்ணு படாது" என்று யாரோ சொன்னார்கள். தங்கை விட்டுவிட்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு.

இன்னொரு காது பாக்கி இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். குழந்தை திறந்துதான் வைத்திருந்தாளாம், பிறகு சொன்னார்கள்.